ஏலம் விடுபவரின் வேலை: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேஷியா போன்ற இடங்களிலிருந்து முதன்முறையாக ஏலத்துக்குப் போகிறவர்களும், காலமான பெற்றோரின் வீட்டுப் பொருள்களை ஏலத்துக்குக் கொடுக்க நினைக்கிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. சட்ட விவரங்கள் அனைத்தும் தென்னாப்பிரிக்காவுக்கு உரியவை.

ஏலம் விடுபவர் யாருடைய ஆள்?

விற்பவருடைய ஆள். மேடையில் நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்துப் பேசுவதால் அவரை நடுவர் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். பொருளுக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த விலையைப் பெற்றுத் தருவதே அவர் ஒப்பந்தப்படி ஏற்ற கடமை. அவருடைய ஊதியமும் பெரும்பாலும் விற்ற விலையில் இத்தனை விழுக்காடு என்றே வருகிறது. அதற்காக வாங்க வந்தவரை ஏமாற்றும் உரிமை அவருக்கு இல்லை. 2011 ஏப்ரல் 1 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் (2008-ஆம் ஆண்டின் 68-ஆம் எண் சட்டம்) 45-ஆம் பிரிவு ஏலத்துக்கென்றே எழுதப்பட்டது. குறைந்தபட்ச விலை உண்டா, விற்பவர் சார்பில் யாரேனும் விலை கேட்பார்களா என்பவற்றை முன்கூட்டியே அறிவித்தாக வேண்டும் என்று அது சொல்கிறது. அறிவிக்காமல் விற்பவர் சார்பில் விலை கேட்டால், அந்த விற்பனையை மோசடி என்று அறிவிக்கும்படி வாங்கியவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம்.

சுத்தியலைத் தட்டுவதற்கு முன் அவருக்கு என்ன வேலை?

வேலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. காலமானவர் ஒருவரின் வீட்டுப் பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். சொத்தை நிர்வகிப்பவரிடம் எழுத்து மூலம் அதிகாரம் பெற்றபின், ஏலம் விடுபவர் அறை அறையாக நடந்து ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்க்கிறார். பித்தளைக் குத்துவிளக்கின் தண்டு திருகாணியில் ஆடுகிறதா, அடித்தட்டு பிற்காலத்தில் பற்றவைத்ததா என்று கவனிக்கிறார்; அலமாரியின் இழுப்பறையை வெளியே எடுத்து, பின்பலகை மரமா, ஒட்டுப்பலகையா என்று தட்டிப் பார்க்கிறார். எதைத் தனியாக விற்பது, எதைச் சேர்த்து ஒரே லாட்டாகக் கட்டுவது என்பது அவருடைய தீர்மானம். பத்துப் பித்தளைப் பாத்திரங்களைத் தனித்தனியே விட்டால் நேரம் வீணாகும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டினால், அவற்றுக்கு நடுவே கிடக்கும் அருமையான பழைய சொம்பு அடிமாட்டு விலைக்குப் போய்விடும். இந்தத் தரம் பிரிக்கும் கண்ணே ஒரு நல்ல ஏலக்காரரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்துகிறது என்பது என் கருத்து. குரல் அதற்குப் பிறகுதான்.

இதன்பின் விளம்பரம், பட்டியல், பார்வை நாள் ஆகியவை வருகின்றன. ஏல விதிகளை எழுதி, ஏலத்துக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே மக்கள் பார்க்கக் கிடைக்கச் செய்ய வேண்டும். விலை கேட்க வருகிறவர்கள் அடையாளச் சான்றையும் முகவரிச் சான்றையும் காட்டிப் பதிவு செய்துகொண்டு, எண் எழுதிய அட்டையைப் பெற்றுக்கொள்கிறார்கள். அறிவித்த நேரத்தில் ஏலம் தொடங்கியாக வேண்டும். யாரோ ஒருவர் வந்துவிடட்டும், இன்னும் பத்துப் பேர் சேரட்டும் என்று தாமதிக்கக் கூடாது. (நம் கல்யாண மண்டபங்களுக்கு இந்த விதி பொருந்தாது.)

‘ஏலம்’ தமிழ்ச் சொல்லா?

இல்லை. போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த ‘லெய்லாவ்ங்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அவர்களும் அதை அரபு மொழியிடமிருந்து பெற்றிருந்தார்கள். அரபியில் ‘அல்-இஃலாம்’ என்றால் அறிவித்தல் என்று பொருள். துறைமுகத்தில் சரக்கை இறக்கி, இன்ன பொருள் விற்பனைக்கு வருகிறது என்று உரக்கக் கூவிய செயல், பின்னர் விற்பனை முறைக்கே பெயராயிற்று. அதே சொல் மலையாளத்தில் ‘லேலம்’ என்றும், தெலுங்கில் ‘வேலம்’ என்றும், இந்தியில் ‘நீலாம்’ என்றும், மலாய் மொழியில் ‘லெலோங்’ என்றும் வழங்குகிறது. லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது தமிழின் பழைய மரபு. ‘லோபி’ நம்மிடம் ‘உலோபி’ ஆகி, முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொண்டது. ‘ஏலம்’ முதல் லகரத்தையே உதறிவிட்டது.

ஏலக்காயைக் குறிக்கும் ‘ஏலம்’ வேறு, பழைய சொல். போடிநாயக்கனூரில் ஏலம் ஏலத்துக்கு வருகிறது என்று ஒருவர் எழுதினால் அதில் பிழை ஏதும் இல்லை.

ஏலம் விடுபவரைத் தமிழில் எப்படிக் குறிப்பது?

‘ஏலம் விடுபவர்’, ‘ஏலம் போடுபவர்’ என்பவை எல்லார்க்கும் புரியும். இலங்கைத் தமிழில் ‘ஏலம் கூறுபவர்’ என்ற வழக்கும் உண்டு. ‘ஏலதாரர்’ என்ற சொல்லைத் தவிர்ப்பது நல்லது. தமிழ்நாட்டு அரசு அறிவிப்புகளில் அது பெரும்பாலும் விலை கேட்பவரைக் குறிக்கிறது, வேறு சில இடங்களில் விடுபவரைக் குறிக்கிறது. விற்பவர் பக்கத்தில் நிற்பவர் ஏலம் விடுகிறார், வாங்க வந்தவர் ஏலம் கேட்கிறார், வென்றவர் ஏலம் எடுக்கிறார் என்று வினைகளைப் பிரித்து எழுதினால் குழப்பமே வராது.

ஆங்கிலச் சொல்லும் ஆப்பிரிக்கான்ஸ் சொற்களும் எங்கிருந்து வந்தவை?

ஆங்கிலத்தின் ‘ஆக்‌ஷன்’, பெருகுதல் என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து வந்தது. விலை ஏறிக்கொண்டே போவதால் அந்தப் பெயர். ஆப்பிரிக்கான்ஸில் ‘ஃபெண்டூசி’ என்றும் ‘ஃபெய்லிங்’ என்றும் இரு சொற்கள் உள்ளன. முதற்சொல் டச்சுக்காரர்களின் ‘வெண்டூட்சி’யிலிருந்து வந்தது. அதே டச்சுக்காரர்கள் இலங்கைக் கரையையும் ஆண்டதால், சிங்களத்தில் ஏலத்துக்கு ‘வெந்தேசி’ என்று பெயர் நின்றுவிட்டது. கேப் டவுனில் ஒரு பண்ணையாளரும் கொழும்பில் ஒரு வியாபாரியும் தாங்கள் ஒரே சொல்லைச் சொல்லுகிறோம் என்பதை அறியாமலே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஏலம் விடுபவரை ஆப்பிரிக்கான்ஸில் ‘அஃப்ஸ்லார்’ என்கிறார்கள். டச்சு முறை ஏலத்தில் விலை மேலிருந்து கீழே இறங்கும் என்பதோடு தொடர்புடைய சொல் அது. அந்த இறங்குமுக ஏலத்தைக் காண விரும்புவோர் ஜோகனஸ்பர்க்கில் உள்ள மல்ட்டிஃப்ளோரா மலர்ச் சந்தைக்குப் போகலாம். அங்கே கடிகார முள் உயர்ந்த விலையிலிருந்து இறங்கி வரும். முதலில் பொத்தானை அழுத்தியவருக்குப் பூ சொந்தம்.

நம் முன்னோர்களை இங்கே ஏலம் விட்டார்களா?

இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு; அவற்றைக் கலந்துவிடக் கூடாது.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த 342 பேரும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும் ஒப்பந்தக் கூலிகள். அவர்களை யாரும் ஏலத்தில் வாங்கவில்லை. ஆட்கள் தேவை என்று விண்ணப்பித்த முதலாளிகளுக்குக் குடியேற்ற அரசு அவர்களைப் பங்கிட்டுக் கொடுத்தது. ஒப்பந்தம் ஐந்தாண்டு, முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். கொடுமைகள் பல நடந்தன. ஆயினும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் விலைபொருள் அல்லர்.

அதற்கு இருநூறு ஆண்டு முன்பே, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கேப்பில் கொண்டுவந்து விற்ற அடிமைகளின் நிலை வேறு. சோழமண்டலக் கரையிலிருந்தும் மலபாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களுள் இருந்தார்கள். ‘ஃபான் கொரமாண்டல்’, ‘ஃபான் மலபார்’, ‘ஃபான் பெங்காலன்’ என்று ஆவணங்களில் எழுதப்பட்ட பெயர்கள் அதைக் காட்டுகின்றன. எசமானர் இறந்தால் கலங்கள், மாடுகள், கட்டில்கள் ஆகியவற்றோடு அடிமைகளையும் ஏலம் விட்டு, பொருளின் பெயர், வாங்கியவர் பெயர், விலை ஆகியவற்றை ஏலச் சுருள்களில் எழுதிவைத்தார்கள். கேப் டவுன் ஆவணக் காப்பகத்தில் அந்தச் சுருள்களைப் புரட்டும்போது, ஒரு வரியில் செப்புக் கெண்டியும் அடுத்த வரியில் ஒரு மனிதரின் பெயரும் வருவதைக் காணலாம். ஸ்பின் தெருவில் இருந்த ஒரு மரத்தடியில் அடிமைகளை ஏலம் விட்டார்கள் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1916-இல் அந்த மரம் வெட்டப்பட்டது, இடத்தைக் குறிக்கும் நினைவுக்கல் உள்ளது. அடிமைமுறை 1834 டிசம்பர் 1 அன்று சட்டப்படி ஒழிந்தாலும், ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் அவர்களை மேலும் நான்கு ஆண்டு கட்டிவைத்தார்கள்.

கால்நடை ஏலத்தில் ஏன் அவ்வளவு வேகமாகப் பாடுவதுபோல் பேசுகிறார்கள்?

கூட்டத்தின் கவனம் சிதறாமல் இருக்கவும், யோசிக்கும் இடைவெளியைக் குறைக்கவும். அந்தப் பேச்சில் பயன்படும் செய்தி இரண்டே: கையில் உள்ள விலை, அடுத்துக் கேட்கும் விலை. மற்றதெல்லாம் தாளத்துக்காகச் சேர்க்கும் அசைகள். அந்த இரண்டு எண்களையும் மட்டும் காதில் வாங்கப் பழகிக்கொண்டால் போதும்.

முதன்முறை போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆடு, மாடு, வேட்டை விலங்கு ஏலங்களில் பல விலங்குகள் ஒரே லாட்டாக வந்தாலும், கேட்கும் விலை பெரும்பாலும் ஒன்றுக்கு உரியது. ஐந்து கிடேரிகள் உள்ள லாட்டுக்கு 12,000 ராண்ட் என்று கை தூக்கினால், கட்ட வேண்டியது 60,000 ராண்ட். விதிகளைப் படிக்காமல் மந்தையை மலிவாக வாங்கிவிட்டதாக மகிழ்ந்தவரின் முகம் கணக்கரின் மேசையருகே மாறுவதைப் பார்க்க வேண்டியதில்லை.

வேட்டை விலங்கு ஏலங்களில் புழங்கும் தொகைகள் வேறு ரகம். 2012-இல் ஒரு பெண் எருமைக்கும் அதன் கன்றுக்கும், பின்னாளில் நாட்டின் அதிபரான சிரில் ராமபோசா 2 கோடி ராண்டை நெருங்கும் வரை விலை கேட்டு, பிறர் எடுத்துப் போனபின், வறுமை மிகுந்த நாட்டில் அப்படிக் கேட்டது தவறு என்று பொதுவில் மன்னிப்புக் கோரினார். அடுத்த ஆண்டே ‘மிஸ்டரி’ என்ற எருமைக் கடா 4 கோடி ராண்டுக்குப் போயிற்று.

விற்பவர் சார்பில் மேடையிலிருந்தே விலை கேட்கிறார்களாமே, அது எப்படி நடக்கிறது?

முன்கூட்டியே அறிவித்திருந்தால் அது சட்டப்படி சரி. ஒரு மேசைக்கு வெளியே சொல்லாத குறைந்தபட்ச விலை 10,000 ராண்ட் என்றும், விலை 500, 500-ஆக ஏறுகிறது என்றும் கொள்வோம். அறையில் ஒருவர் மட்டுமே ஆர்வம் காட்டுகிறார். ஏலம் விடுபவர் 7,500-இல் விற்பவர் சார்பில் தொடங்குகிறார், அறை 8,000, மேடை 8,500, அறை 9,000, மேடை 9,500, அறை 10,000. குறைந்தபட்ச விலையில் அறையிலுள்ளவரின் கை நிற்கிறது, சுத்தியல் விழுகிறது. கவனக்குறைவாக 7,000-இல் தொடங்கியிருந்தால், 10,000 என்ற எண் மேடையின் முறையில் வந்து மாட்டியிருக்கும். குறைந்தபட்ச விலையைத் தொட்டபின் விற்பவர் சார்பில் கேட்பது தவறு என்பதால், அவர் நடுவழியில் தடுமாறி ஏற்றத்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். தேர்ந்தவர்கள் இந்தக் கணக்கை லாட்டின் எண்ணைப் படிக்கும்போதே மனத்தில் போட்டுவிடுகிறார்கள்.

அறிவிக்காமல் இதைச் செய்வதும், இல்லாத ஒருவர் கேட்டதாகச் சுவரைப் பார்த்து விலையை ஏற்றுவதும் பேய்க் கேள்வி. 2011 டிசம்பரில் ஸ்டெல்லன்போஷ் அருகே ‘குவாய்ன் ராக்’ என்ற திராட்சைத் தோட்டத்தை 5.5 கோடி ராண்டுக்கு ஏலத்தில் எடுத்த வென்டி ஆப்பல்பாம், தமக்கு எதிராகக் கேட்டவர் உண்மையான வாங்குபவர் அல்லர் என்று குற்றஞ்சாட்டியது நாடறிந்த விவகாரம். புதிய சட்டம் நடைமுறைக்கு வந்த அதே ஆண்டில் அது வெடித்ததால், 45-ஆம் பிரிவை அதுவரை படிக்காதவர்களும் படிக்கலானார்கள்.

‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று சொல்லும்போது மனம் மாறினால் பின்வாங்கலாமா?

பின்வாங்கலாம். ‘மூன்று தரம்’ என்று சொல்லிச் சுத்தியல் விழும் வரை, அல்லது வழக்கமான வேறு முறையில் விற்பனை முடிந்ததாக அறிவிக்கும் வரை, கேட்ட விலையைத் திரும்பப் பெறச் சட்டம் இடம் தருகிறது. விழுந்தபின் முடியாது. ஆனால் விற்பவரின் ஒப்புதலுக்கு உட்பட்டது என்று விதிகளில் எழுதியிருந்தால், சுத்தியல் விழுந்தபிறகும் குறிப்பிட்ட நாள்களுக்கு வாங்கியவர் கட்டுப்பட்டுக் காத்திருக்க, விற்பவர் மட்டும் யோசித்து முடிவு சொல்லலாம். இது ஒருதலைப்பட்சமான ஏற்பாடுதான். பிடிக்காதவர்கள் கை தூக்காமல் இருக்க வேண்டும்.

சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் என்னென்ன சேரும்?

வாங்குபவர் தரகு, அதன்மேல் 15 விழுக்காடு வாட் வரி. எடுத்துக்காட்டாக, 100,000 ராண்டுக்கு எடுத்த பொருளுக்குத் தரகு 10 விழுக்காடு என்றால், தரகும் வரியும் சேர்ந்து 11,500 ராண்ட். விற்பவர் வாட் பதிவு பெற்றவரானால் பொருளின் விலைமீதே வரி வரலாம். விழுக்காடு இடத்துக்கு இடம் மாறும், விதிகளில் எழுதியிருக்கும்.

ஏலத்தில் வாங்கிய கார் மறுநாளே நின்றுவிட்டால்?

பெரும்பாலும் உங்கள் பாடு. கடையில் வாங்கிய பொருளுக்கு ஆறு மாதம் வரை தரும் தர உறுதி, ஏலத்தில் வாங்கியதற்குப் பொருந்தாது என்று அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவு தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ என்ற சொல் விதிகளில் தென்படும். காலால் எத்திப் பார்த்து இருக்கிறபடியே ஏற்றுக்கொள்வது என்பது அதன் வேர்ப்பொருள். தெரிந்தே மறைத்த குறைக்கு விற்பவர் பொறுப்பாவார், ஆனால் அதை நிரூபிப்பது வாங்கியவரின் வேலை. பார்வை நாளன்று தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள்.

ஷெரிப் ஏலத்தில் வீடு வாங்குவது உண்மையில் மலிவா?

ஷெரிப் என்ற நீதிமன்ற அலுவலர், நீதிமன்ற ஆணைப்படி கடனாளியின் வீட்டை விற்பதே இந்த ஏலம். சில வேளைகளில் மலிவு, பல வேளைகளில் அப்படித் தோன்றுவது மட்டுமே. விலையில் 10 விழுக்காட்டை உடனே கட்ட வேண்டும்; மீதிக்கு, பொதுவாக 21 நாளுக்குள், வங்கி உத்தரவாதம் தர வேண்டும். வீட்டுக் கடன் உறுதியாகாமல் போகிறவர்கள் இங்கேதான் முன்பணத்தை இழக்கிறார்கள். ஷெரிப்பின் தரகு முதல் 100,000 ராண்டுக்கு 6 விழுக்காடு, அதற்கு மேல் 400,000 வரை 3.5 விழுக்காடு, மீதிக்கு 1.5 விழுக்காடு, உச்சவரம்பு 40,000 ராண்ட். 600,000 ராண்டுக்கு எடுத்த வீட்டுக்கு இது 19,500 ராண்ட், வாட் சேர்ந்தால் 22,425. உள்ளே குடியிருப்பவர்கள் தாமாக வெளியேறாவிட்டால், 1998-ஆம் ஆண்டின் சட்டவிரோத வெளியேற்றத் தடுப்புச் சட்டப்படி நீதிமன்றம் போய் உத்தரவு பெறுவது புதிய உரிமையாளரின் பொறுப்பு. அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். நகராட்சி நிலுவையில் கடைசி இரண்டாண்டுத் தொகை கட்டாமல் பெயர் மாற்றம் நடக்காது, விற்பனை நிபந்தனைகள் அதை வாங்குபவர் தலையில் வைப்பது வழக்கம். அதற்கு முந்தைய பழைய கடன் புதிய உரிமையாளரைத் தொடராது என்று 2017-இல் அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அந்த வீட்டை இழக்கிறவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2004-இல் அதே நீதிமன்றம் விசாரித்த ஜாஃப்தா வழக்கில், பிரின்ஸ் ஆல்பர்ட் ஊரைச் சேர்ந்த இரு ஏழைப் பெண்களின் வீடுகள் ஏலம் போயிருந்தன. ஒருவர் வாங்கிய கடன் 250 ராண்ட், மற்றவர் காய்கறி வாங்கிய பாக்கி 190 ராண்ட். வீடுகள் போன விலையோ 5,000 ராண்டும் 1,000 ராண்டும். அற்பக் கடனுக்காக ஒருவரின் வீட்டை விற்பதை நீதிமன்றத்தின் கண்காணிப்பு இல்லாமல் அனுமதிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த உயர் நீதிமன்ற நடைமுறை விதி 46ஏ, குடியிருக்கும் வீட்டுக்குக் குறைந்தபட்ச விலையை நீதிமன்றமே குறிக்க வழி செய்கிறது. அந்த விலை வராவிட்டால் ஷெரிப் ஐந்து நாளுக்குள் நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும். கடன் தவணை தவறி அழைப்பாணை பெற்றவர்கள் அதைக் குப்பையில் போடாமல், உரிய நாளில் நீதிமன்றத்துக்குப் போய்த் தம் நிலையைச் சொல்வதற்கு இந்த விதியே காரணமாக இருக்க வேண்டும்.

கிளேர்வுட் காய்கறிச் சந்தையில் நடப்பதும் ஏலமா?

இன்று அது ஏலம் அன்று. விவசாயி அனுப்பும் சரக்கை முகவர் பேரம் பேசி விற்று, தம் தரகைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறார். அந்த முகவர்கள் 1992-ஆம் ஆண்டின் விளைபொருள் முகவர் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். வார்விக் முனையின் அதிகாலைச் சந்தையில் தட்டு தட்டாக விற்பது சாதாரணச் சில்லறை வியாபாரம்.

ஏலச்சீட்டுக்கும் ஏலத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பத்துப் பேர் ஆளுக்கு 1,000 ராண்ட் போட்டு, அவசரப்படுகிறவர் 2,000 தள்ளி 8,000-க்குச் சீட்டை எடுத்தால், அது தள்ளுபடியை ஏற்றிக்கொண்டே போகும் ஓர் ஏலம். தென்னாப்பிரிக்காவின் ‘ஸ்டாக்வெல்’ என்ற கூட்டுச் சேமிப்பு முறைவைத்து எடுப்பது, அதில் தள்ளுவது வழக்கம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லின் வேரில் ஏலம் இருக்கிறது: 19-ஆம் நூற்றாண்டில் கிழக்குக் கேப்பில் ஆங்கிலேயக் குடியேறிகள் ஊர் ஊராக முறைவைத்து நடத்திய கால்நடைச் சந்தைக்கு வழங்கிய ‘ஸ்டாக் ஃபேர்’ என்ற பெயரே அப்படித் திரிந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம்.

இந்த வேலைக்கு வர என்ன செய்ய வேண்டும்?

வீடு, நிலம் ஏலம் விட விரும்புவோர், 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சொத்துத் தொழிலர் சட்டப்படி அதற்கான ஆணையத்திடம் நம்பிக்கை நிதிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். இல்லாதவருக்குத் தரகு கேட்கும் உரிமை கிடையாது. கால்நடை விற்பனை முகவர்களுக்கு விளைபொருள் முகவர் மன்றத்தில் பதிவு தேவை. அவர்கள் நோய்க்கால விதிகளையும் அறிந்திருக்க வேண்டும்: 2022 ஆகஸ்டில் கோமாரி நோய் பரவியபோது நாடு முழுவதும் மாடுகளை இடம் மாற்றுவதற்கு 21 நாள் தடை வந்து, ஏலக் களங்கள் காலியாகக் கிடந்தன. வீட்டுப் பொருள், கலைப்பொருள் துறையில் தொடங்க விரும்பும் இளைஞர்கள் ஓர் ஏல நிறுவனத்தின் கிடங்கில் சேர்ந்து, லாட் ஒட்டுவதிலிருந்து கற்பதே நடைமுறையில் உள்ள வழி. தென்னாப்பிரிக்க ஏலம் விடுபவர் கழகத்தின் உறுப்பினராவது விருப்பத்தைப் பொறுத்தது. குவாசுலு-நட்டாலில் கால்நடை ஏலம் விட நினைப்பவர் எண்களையாவது சுலு மொழியில் தடையின்றிச் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும். அந்த மாநிலத்தில் பெரும்பாலோர் பேசுவது அந்த மொழியே.